இலங்கை வானத்தைக் காக்க எத்தனை ஹரிக்கேன்கள் இருந்தன?

கேள்வி இது: "1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது பிரிட்டிஷாரிடம் பேருக்குத்தான் விமானங்கள் இருந்தன என்கிறார் ஒருவர். ஹரிக்கேன்கள் விரட்டியடித்ததால்தான் இலங்கை சிங்கப்பூர் கதிக்கு ஆளாகவில்லை என்கிறார் இன்னொருவர். எது உண்மை? ஒரு காலனிக்கு ஏன் அவ்வளவு குறைவாக விமானம் கொடுத்தார்கள்?"

இரண்டு பேருமே பாதி சரி, பாதி தவறு. கொழும்பில் ஏப்ரல் 5 காலை எழுந்த பிரிட்டிஷ் போர் விமானங்கள் 41, பெரும்பாலும் ஹரிக்கேன் என்னும் ரகம். வந்த ஜப்பானியப் போர் விமானங்கள், அதாவது ஜீரோக்கள், 36. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் யாருமில்லை. பார்த்தால் கேள்வியே வேறாகிவிடும்: ஏறக்குறைய சமபலம் இருந்தும் ஏன் பாதி விமானங்கள் போயின? நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதனால் இரண்டு நாள்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பற்றாக்குறையின் கதை. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியபோது இலங்கையில் தரைத்தளத்திலிருந்து பறக்கும் நவீன போர் விமானம் ஒன்றுகூட இல்லை. திருகோணமலையை ஒட்டிய சீனன்குடாத் தளத்தில் 273ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, இருந்தது; அதன் கையிலிருந்தவை வில்டபீஸ்ட் போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். விமானி திறந்த கூண்டில் காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்து பறக்கும் ரகம் அது. டார்பிடோ போடத்தான் அதை உண்டாக்கினார்கள், வானில் சண்டை போட அல்ல.

ஏன் இந்த நிலை? விமானங்களுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் பிரிட்டன் தீவு. அடுத்து எகிப்தும் மால்டாவும். 1941 கோடைக்குப் பிறகு, ஹிட்லர் படையெடுத்த சோவியத் ரஷ்யாவுக்கு நூற்றுக்கணக்கில் ஹரிக்கேன்கள் கப்பலேறின. தூரக் கிழக்கு வரிசையின் கடைசியில் நின்றது. லண்டனின் முப்படைத் தலைவர்களே 1940இல் மலாயாவைக் காக்க 336 முன்னணி விமானங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அங்கிருந்த தளபதிகள் 566 கேட்டார்கள். போர் தொடங்கிய நாளில் பறக்கத் தயாராக இருந்தவை 158. அவற்றில் போர் விமானங்கள் 60 பஃபலோக்கள். பிரிட்டனில் ஜெர்மானியர்மீது பயன்படுத்தத் தகாதவை என்று ஒதுக்கிய அமெரிக்க ரகம். மலாயாவுக்கு இது போதும் என்றே தலைமைத் தளபதி புரூக் பாபம் எண்ணினார். ஜப்பானிய விமானிகளைப் பற்றி அன்றைய வெள்ளை அதிகாரிகளுக்கு இருந்த மதிப்பீடு அப்படி. இதைப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பாதி பற்றாக்குறை, பாதி திமிர்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் விழுந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 188 ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே எதிர்த்து நிற்க இருந்தவை வெறும் பத்து அமெரிக்கப் போர் விமானங்கள். ஒன்பது அன்றே அழிந்தன. இதற்குப் பிறகுதான் லண்டனுக்கு இலங்கை ஞாபகம் வந்தது. இலங்கை போனால் இந்தியப் பெருங்கடல் போகும். எகிப்துக்கும் இந்தியாவுக்கும் போகும் கப்பல் பாதையும் பாரசீக வளைகுடா எண்ணெயும் கூடவே போகும்.

மார்ச் முதல் வாரத்தில் இண்டோமிட்டபிள் என்னும் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்கள் பறந்து வந்து இறங்கின. 30ஆவது கொழும்பை ஒட்டிய இரத்மலானைக்கு, 261ஆவது சீனன்குடாவுக்கு. கிரேக்கத்திலும் கிரீட்டிலும் அடிபட்டுப் பழகிய பெயர் 30ஆவதுக்கு. மால்டாவைக் காத்த பெயர் 261ஆவதுக்கு. மூன்றாவதாக, சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சின்னாபின்னமான 258ஆம் ஸ்குவாட்ரனை பீட்டர் ஃபிளெட்சர் என்பவர் தலைமையில் கொழும்பில் மறுபடி கட்டியெழுப்பினார்கள். இவர்களோடு கடற்படையின் ஃபுல்மர் விமானங்கள் கொஞ்சம். ஃபுல்மரில் இரண்டு பேர் உட்காருவார்கள். கனம் அதிகம், வேகம் குறைவு. ஜீரோவோடு மோதவிட்டால் மாட்டு வண்டியைப் பந்தயக் குதிரையோடு ஓடவிட்ட மாதிரிதான். எல்லாம் சேர்த்து ஏப்ரல் தொடக்கத்தில் தீவில் பறக்கத்தக்க ஹரிக்கேன்கள் சுமார் ஐம்பது.

258ஆவதின் இடம்தான் சுவாரசியமானது. இரத்மலானையில் இடம் போதாததால் கொழும்பு நகருக்குள்ளேயே குதிரைப் பந்தயத் திடலில் ஓடுபாதை போட்டார்கள். இன்றைக்கும் ரேஸ்கோர்ஸின் பழைய பார்வையாளர் மண்டபம் நிற்கிறது. உள்ளே கடைகளும் உணவகங்களும். சென்ற முறை அங்கே தேநீர் குடித்துக்கொண்டு, எந்தத் திசையில் சக்கரம் மேலெழுந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரமும் வீடும்தான். இந்தத் தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. அன்று காலை அது எவ்வளவு பெரிய வரம் என்பது பின்னால் வருகிறது.

இப்போது கேள்வியின் உள்ளே போவோம். போர் விமானப் பலத்தை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது, சமையல்காரரை அரிசி மூட்டையை வைத்து எடைபோடுவது போன்றது. நேரக் கணக்கும் வேண்டும். மணி அடித்ததும் விமானி ஓடி ஏறி, இன்ஜினைக் கிளப்பி, சக்கரம் தரையை விட மூன்று நிமிடமாவது ஆகும். ஹரிக்கேன் 20,000 அடிக்கு ஏற எட்டு ஒன்பது நிமிடம். கட்டுப்பாட்டு அறையில் தகவலைச் சரிபார்த்து உத்தரவு கொடுக்க இன்னும் சில நிமிடம். குறைந்தது பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். குண்டுவீச்சு விமானக் கூட்டம் நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று மைல் வரும். ஆக எதிரி 40, 45 மைல் தொலைவில் இருக்கும்போதே தெரிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு தெரிந்தால், விமானம் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஏறிக்கொண்டிருக்கும் போர் விமானத்துக்கு வேகமும் கிடையாது, திரும்பவும் வராது. மேலிருந்து பாய்பவனுக்கு அது வாத்து.

பிரிட்டனில் இந்தப் பதினைந்து நிமிடத்தை உண்டாக்கக் கரை நெடுகிலும் ரேடார் சங்கிலி, உள்நாட்டில் ஆயிரக்கணக்கான கண்காணிப்பாளர்கள், எல்லாவற்றையும் இணைக்கும் தொலைபேசிக் கம்பிகள் என்று ஒரு பெரிய ஏற்பாடே இருந்தது. கொழும்பில்? மார்ச் கடைசியில்தான் ஒரு ரேடார் நிலையம் கால்ஃப் மைதானத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. மற்றபடி சுற்றிலும் கடல். கடலில் யார் நின்று பார்ப்பது?

அந்த வேலையைச் செய்தவை கேட்டலீனா என்னும் பறக்கும் படகுகள். காலிக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரியில் மிதந்தவை. தீவு முழுவதற்கும் அரை டஜன் போல. மெதுவானவை, ஆனால் ஒரு நாள் முழுக்கக் கடல்மேல் சுற்ற வல்லவை. ஏப்ரல் 4 மாலையில் கனடாக்காரரான லெனார்ட் பர்ச்சால் ஓட்டிய கேட்டலீனா, தீவுக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தொலைவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டது. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அதே படை. ஆறில் ஐந்து விமானம் தாங்கிகள் வந்திருந்தன. நெருங்கிப் போய்ப் பார்த்து எண்ணி, கம்பியில்லாத் தந்தியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. பர்ச்சாலும் பிழைத்த தோழர்களும் கடலிலிருந்து மீட்கப்பட்டு ஜப்பானியச் சிறையில் போர் முடியும்வரை கிடந்தார்கள். செய்தி மட்டும் கரை சேர்ந்தது. அன்று இரவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து நகரக்கூடிய கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இலங்கை வான்பாதுகாப்பில் மிகப் பெரிய வேலையைச் செய்தது ஒரு போர் விமானமே அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். எதிரி வருவது தெரியும். ஈஸ்டர் ஞாயிறு காலை வரக்கூடும் என்பதும் தெரியும். விடியுமுன்பே விமானிகள் தயாராக இருந்தார்கள். ஆனால் ஏழரை மணியளவில், மழை மேகங்களுக்கு இடையே 127 விமானங்கள் வந்தபோது தளங்களுக்கு ரேடார் எச்சரிக்கை எதுவும் போய்ச் சேரவில்லை. இரத்மலானையில் 30ஆம் ஸ்குவாட்ரனுக்கு முதல் தகவல் கொடுத்தது அவர்களுடைய சொந்தக் கண்கள். தலைக்குமேல் விமானக் கூட்டம். யாருடையது என்று அண்ணாந்து பார்த்த கணத்தில் இறக்கையில் சிவப்பு வட்டம். ஓடிப் போய் ஏறினார்கள். வரிசையும் இல்லை, உயரமும் இல்லை. ஓடுபாதையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி, கிளம்பிய வேகத்திலேயே சண்டைக்குள் நுழைந்தார்கள். நானூறு ஐந்நூறு அடியில், சக்கரத்தைக்கூட முழுக்க உள்ளிழுக்காத நிலையில், மேலே ஜீரோ. விமானிகளின் தைரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களை அங்கே அப்படிக் கொண்டுபோய் நிறுத்திய ஏற்பாட்டில்தான் குறை.

ரேஸ்கோர்ஸ் தளம் ஜப்பானியர் கண்ணில் படாததால் 258ஆவதின் 14 ஹரிக்கேன்களும் தடையில்லாமல் எழுந்தன. துறைமுகத்துக்கு மேலே குண்டுவீச்சு விமானங்களைக் குறிவைத்தன. அதற்குள் ஜீரோக்கள் இறங்கிவிட்டன. அந்த 14 ஹரிக்கேன்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. இதே நேரத்தில் சீனன்குடாவிலிருந்து டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள், நடப்பது தெரியாமலே சண்டைக்கு நடுவில் நுழைந்தன. ஆறும் விழுந்தன. வானத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லாத பாதுகாப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஆறைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கணக்கு: எழுந்த 41இல் சுமார் 20 போர் விமானங்கள் போயின, நான்கு ஃபுல்மர், மற்றவை ஹரிக்கேன். ஜப்பானியர் இழந்தவை ஏழு; ஒரு ஜீரோ, ஆறு செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள். அன்றைய பிரிட்டிஷ் அறிவிப்பு இருபதுக்கு மேல் வீழ்த்தியதாகப் பெருமை பேசியது. பிரிட்டிஷார், ஜப்பானியர் இருவருமே கூட்டித்தான் சொன்னார்கள். மேகத்துக்குள் ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று கணக்கு எழுவது எல்லாப் போரிலும் உண்டு. துறைமுகத்தில் டெனெடோஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்னும் ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும் மூழ்கின. அன்று பிற்பகல், எந்த விமானத் துணையும் எட்டாத நடுக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு குரூசர்களை ஜப்பானியர் சில நிமிடங்களில் அடித்து மூழ்கடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள்.

ஒரு நுட்பமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஹரிக்கேன் விமானிகளுக்கு ஊறிப்போன பழக்கம், பின்னால் எதிரி வந்தால் இறுக்கமாக வளைந்து திரும்புவது. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டால் அவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்ப முடியாது. ஜீரோவுக்கு அந்த வட்டம் விளையாட்டு. ஹரிக்கேன் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஜீரோ அதன் வாலில் இருக்கும். இதற்கு மருந்து உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் கீழே ஓடிவிடுவது. சிங்கப்பூரில் இதைக் கற்றவர்கள் 258ஆவதில் சிலர் இருந்தார்கள். ஆனால் பாய்வதற்கு முதலில் உயரம் வேண்டுமே. மறுபடியும் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

ஏப்ரல் 9, திருகோணமலை. இங்கே ரேடார் தன் வேலையைச் செய்தது. சுமார் 90 மைல் தொலைவிலேயே கூட்டத்தைக் கண்டு சொல்லிவிட்டது. ஹரிக்கேன்கள் நேரத்தோடு எழுந்தன, உயரம் பிடித்தன, முதல் அடியையும் கொடுத்தன. கொழும்பில் கிடைக்காத எல்லாம் கிடைத்தது. ஆனால் எழுந்தவை பதினாறு பதினேழு ஹரிக்கேன்களும் சில ஃபுல்மர்களும். எதிரே 91 குண்டுவீச்சு விமானங்கள், அவற்றைச் சூழ்ந்து 41 ஜீரோக்கள். எட்டு ஹரிக்கேன்கள் போயின. சீனன்குடாத் தளமும் துறைமுகமும் நொறுங்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. எண்ணிக்கை இருந்த கொழும்பில் எச்சரிக்கை இல்லை, எச்சரிக்கை இருந்த திருகோணமலையில் எண்ணிக்கை இல்லை. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றே: எழுந்தவற்றில் ஏறத்தாழ பாதி.

அப்படியானால் இரண்டு துறைமுகங்களுக்கும் பிரிக்காமல் எல்லா ஹரிக்கேன்களையும் ஓரிடத்தில் வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வைத்திருந்தால் மற்றது வெறும் திடல். தாக்குபவன் எந்த ஊர், எந்த நாள் என்பதைத் தானே தேர்ந்தெடுப்பான்; காப்பவன் எல்லா வாசலிலும் ஆளை நிறுத்த வேண்டும். ஐந்து கப்பல்களின் விமானங்கள் அத்தனையையும் நகுமோ ஒரே காலையில் ஒரே ஊர்மேல் கொட்ட முடிந்தது. ஐம்பது ஹரிக்கேன் என்பது தாளில் ஐம்பது. எந்த ஒரு காலையிலும் எந்த ஒரு துறைமுகத்துக்கும் அது ஐம்பதாக இருந்ததே இல்லை.

அதே ஏப்ரல் 9 காலை நடந்த ஹெர்மீஸ் விவகாரம் இன்னும் கசப்பானது. ஹெர்மீஸ் ஒரு விமானம் தாங்கிக் கப்பல். ஆனால் அதில் அன்று ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில். தாக்குதலுக்கு முந்தைய இரவு திருகோணமலையிலிருந்து அதைத் தெற்கே அனுப்பியிருந்தார்கள். எதிரி உளவு விமானம் அதைக் கண்டுவிட்டது என்றதும், தளத்தின் போர் விமானங்களுடைய நிழலில் நிற்கட்டும் என்று திரும்பி வரச் சொன்னார்கள். எந்த நிழல்? சீனன்குடாவில் மிச்சமிருந்த ஹரிக்கேன்கள் அதன் உதவிக்குப் போகவில்லை. இரத்மலானையிலிருந்து ஃபுல்மர்கள் தீவைக் குறுக்கே கடந்து போய்ச் சேர்ந்தபோது, மட்டக்களப்புக்கு அப்பால் கப்பல் கடலுக்கடியில் இருந்தது. 307 பேர் இறந்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களை வீட்டா என்னும் மருத்துவமனைக் கப்பல் அள்ளிக்கொண்டு வந்தது.

விரட்டியடித்தார்களா என்ற பகுதிக்கு வருகிறேன். இல்லை. நகுமோவோடு தரையிறங்கும் படை எதுவும் வரவில்லை; நோக்கம் பிரிட்டிஷ் கீழைக் கடற்படையைத் துறைமுகத்தில் பிடித்து அழிப்பது. அது அங்கே இல்லை. அதன் தளபதி சமர்வில் அதை மாலத்தீவின் அட்டுப் பவளத்தீவுக்குக் கொண்டுபோயிருந்தார். வேலை முடிந்ததும், முடிந்த அளவு முடிந்ததும், அவர்கள் தாமாகத் திரும்பினார்கள். பிரிட்டிஷ் பக்கம் தாக்குதலுக்குப் போனவை ஒன்பது பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் மட்டும். ஏப்ரல் 9 அன்று அவை நகுமோவின் கொடிக்கப்பலான அகாகிக்கு அருகே யாரும் கவனிக்காமல் போய்க் குண்டு போட்டன, ஒன்றும் படவில்லை. அவற்றில் ஐந்து திரும்பவில்லை.

ஆனாலும் ஹரிக்கேன்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஜப்பானியர் எதிர்பாராத எதிர்ப்பு அது. குண்டுவீச்சாளர்கள் நிதானமாகக் குறிபார்க்க விடாமல் கொஞ்சம் கலைத்தது. எதிர்ப்பே இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வங்காள விரிகுடாவைக் கடந்து வாருங்கள். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஒசாவா என்னும் இன்னொரு ஜப்பானிய அட்மிரலின் படையிலிருந்து சில விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பின. உடனே சென்னை கலங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன, ஜனங்கள் ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் அலைமோதினார்கள், கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று விலங்குக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். கொழும்பிலும் மக்கள் வெளியேறினார்கள், துறைமுகத்தில் வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. ஆனால் துறைமுகம் துறைமுகமாகவே நீடித்தது.

பிறகு இலங்கைக்கு இன்னும் போர் விமானங்கள் வந்தன, ரேடார்கள் கூடின, கடைசியில் ஸ்பிட்ஃபயர்கூட வந்தது. எல்லாம் வந்து சேர்ந்தபோது வரவேண்டிய எதிரி வரவில்லை. நகுமோவின் ஐந்து விமானம் தாங்கிகளில் ஷோகாகுவும் சுய்காகுவும் மே மாதம் பவளக்கடல் சண்டையில் முடங்கின. அகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் ஜூனில் மிட்வேயில் மூழ்கின. கொழும்புக்கு மேலே வந்த ஐந்து கப்பல்களில் மூன்று, இரண்டு மாதத்துக்குள் பசிபிக்கின் அடியில்.